எழுநூற்றைம்பது சுற்று

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பொறுங்க சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்த வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டி, "சார், இதுல ஒரு கையெழுத்து" என்றாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் "பொறுங்க." அடுத்தது, "ஒரு தடவை பாத்துடுறேன்." அந்த ஒரு தடவை சில சமயம் ஒரு மணி நேரமாக இருக்கும், சில சமயம் மூன்று நாளாகிவிடும். "பொறுங்க சார் மேசையில வரைபடத்தை வச்சுட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரலாம். திரும்பி வர்றப்போ அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்குக் குழந்தையே பொறந்திருக்கும், கையெழுத்து வந்திருக்காது" என்று மற்ற பிரிவுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் காதிலும் அது விழும். அவரும் சிரிப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, அறைக்கு அறை நடுவில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கித் தரையில் இடித்துப் பார்த்தார். வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏங்க, வீட்டைப் பாக்க வந்தீங்களா, இடிக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். மனைவிக்கு மானம் போயிற்று. அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வெளியே வந்ததும், "உங்களோட சினிமாவுக்குப் போனா நீங்க படத்தைப் பாக்காம கூரையைப் பாக்குறீங்க. ஹோட்டலுக்குப் போனா மாடிப்படியை எண்ணுறீங்க. என்னைக்காவது என் மூஞ்சியைப் பாத்திருக்கீங்களா?" என்றாள். அதற்கும் அவர் "பொறு" என்றுதான் சொன்னாராம். அவள் பல வருடம் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள்.

அவருடைய வேலை பெரிய ஆலைகளுக்கு எலும்புக்கூடு வரைவது. சிமென்ட் ஆலை, உருக்காலை, தாது சலிக்கும் ஆலை என்று எதுவானாலும், உள்ளே வரப்போகும் எந்திரங்களைத் தாங்கும் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் எவ்வளவு பருமன், எங்கே நிற்கவேண்டும், எதோடு எதை முடுக்கவேண்டும் என்று கணக்குப் போடுவது. வீடு கட்டுவதுபோல அல்ல இது. வீட்டில் ஆள் நடப்பான், கட்டில் கிடக்கும், அவ்வளவுதான். ஆலையில் தளத்தின்மேல் நிற்கும் எந்திரமே ஒரு மதம் பிடித்த யானை. அது சும்மா நிற்காது. ஆடும், உதறும், சூடாகும், தூசி கக்கும். அந்தத் தூசி கூரைமேல் படிந்து மழையில் ஊறிக் கல்லாகும். அதன் பாரத்தையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்கவேண்டும். போதாததற்கு ஒவ்வொரு பிரிவுக்காரனும் ஒரு பக்கம் இழுப்பான். குறுக்குச் சட்டம் எங்கே வேண்டுமென்று இவர் நினைக்கிறாரோ அங்கேதான் எந்திரப் பிரிவுக்காரருக்குத் தாது இறங்கும் குழாய் போகவேண்டும். அதை நகர்த்தினால் மின்சாரக் கேபிள்காரருக்கு வழி இருக்காது. தூணை எங்கே நட்டாலும் யாரோ ஒருவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. எல்லாரும் சண்டை போட்டு முடித்தபின் மிச்சமிருக்கும் இடத்தில் கட்டடம் நிற்கவேண்டும்.

அவருக்கு நாற்பத்தேழு வயதிருக்கும்போது அந்த இரும்புத்தாது ஆலை வந்தது. அதில் ஸ்கிரீன் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். ஆறு தளம், முழுக்க இரும்பு. நான்காவது தளத்தில் ஒரு பெரிய சல்லடை எந்திரம் உட்காரும். உடைத்த தாதுவைக் கொட்டினால், நிமிடத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது முறை அதிர்ந்து, பொடி வேறு கட்டி வேறாகப் பிரித்துத் தள்ளும்.

அதிரும் எந்திரத்துக்குத் தளம் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எந்தத் தளத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. தட்டிவிட்டால் நிமிடத்துக்கு இத்தனை தடவை என்று தன் போக்கில் அது ஆடும். எந்திரத்தின் வேகமும் அந்த எண்ணும் ஒன்றாகிவிட்டால் போச்சு. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தைகூடப் பெரிய ஆளை வானத்துக்கு அனுப்பிவிடும் அல்லவா, அதுபோலத்தான். எந்திரம் தள்ளத் தள்ளத் தளம் எகிறும். ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றையொன்று நெருங்காமல் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். அவர் மூன்று வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தாது கொட்டாமல் இருக்கும்போது தளத்தின் எண் எண்ணூற்றுக்குக் கொஞ்சம் மேலே. தாதுவின் பாரம் ஏறியபின் எழுநூற்று நாற்பத்தைந்து. எந்திரமோ தொள்ளாயிரத்து அறுபது. நல்ல இடைவெளி. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் கழித்து, உத்தரங்களையெல்லாம் பட்டறையில் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சல்லடை எந்திரம் மாறிவிட்டது. முதலில் பேசியிருந்த கம்பெனியால் குறித்த நாளில் தரமுடியவில்லை. வேறொரு கம்பெனியின் எந்திரம் வந்தது. திட்ட மேலாளர் கூட்டம் போட்டார். மேலாளர் பொல்லாதவர் இல்லை. நாள்காட்டியைப் பார்த்தால் மட்டும் அவருக்குச் சாமி வந்துவிடும். இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவர் ஒரே போடாகப் போட்டார்.

"புது மெஷின் எடை கம்மி. வேகமும் கம்மி, எழுநூத்தம்பதுதான். உங்களுக்கு லட்டு மாதிரி. இதுக்கும் மூணு வாரம் பொறுக்கணுமா, சார்?"

கூட்டமே சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "பொறுங்க, குழந்தை பொறக்கட்டும்" என்றார்கள். மறுபடியும் சிரிப்பு. எத்தனையோ வருடமாகக் கேட்ட கேலிதான். ஆனால் அன்றைக்கு ஏனோ சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த வாரம்தான் அவரைவிட இளையவர் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. "ஆள் கெட்டிக்காரர்தான், ஆனா வேகம் பத்தாது" என்று அவரைப் பற்றி எழுதியிருந்ததாகவும் காதில் விழுந்திருந்தது.

"நாளைக்கே தர்றேன்" என்றார்.

அவர் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்த டிராஃப்ட்ஸ்மேன், அவர் வயதுக்காரர், மறுநாள் காலையில் புது எந்திரத்தின் வரைபடத்தை விரித்துவைத்தார். கால் பதியும் இடங்கள் நான்கும் பொருந்தின. எடை குறைவு. டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "சார், அந்த ஆட்டக் கணக்கை ஒரு தடவை பாத்துடலாமா?"

"வேகம் குறையுதுல்ல, விடுங்க."

தன் வாயால்தான் சொன்னார். வேகம் குறைந்தால் ஆட்டம் குறையும் என்று தெருவில் போகிறவன் நினைக்கலாம். அவர் நினைக்கக்கூடாது. தொள்ளாயிரத்து அறுபதிலிருந்து எழுநூற்றைம்பதுக்கு இறங்கினால், தள்ளி நின்ற எந்திரம் தளத்தின் எண்ணோடு தோளுரசிக்கொண்டு வந்து நிற்கிறது. பழைய கணக்குத்தாளை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருந்தால் போதும். அலமாரி அவர் நாற்காலியிலிருந்து நான்கு எட்டு தூரம். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மேலாளர் ஃபோனில், "இப்படித்தான் இருக்கணும்!" என்றார். அன்று மாலை மனைவிக்குப் பூவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குப் போனார்.

கட்டடம் எழுந்தது. இரும்பை ஏற்றி முடுக்கும் வேலைக்கு ஒரு மேஸ்திரி வந்திருந்தார். இடுப்பில் எப்போதும் ஸ்பானர் தொங்கும், அதனால் "ஸ்பானர் மேஸ்திரி." ஆளைப் பார்த்தால் ஒல்லி, குரலைக் கேட்டால் மூன்றாவது தளத்தில் நிற்பவனுக்கும் வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கியபின் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் பிடிக்காவிட்டால் கழற்றி மறுபடி முடுக்கச் சொல்வார். பிடித்துவிட்டால் போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. பொறுங்க சார் பார்வையிட வரும்போதெல்லாம் இருவரும் ஏணியில் சேர்ந்து ஏறுவார்கள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் மேஸ்திரி, "சார், நம்ம ரெண்டு பேரையும்தான் இங்க எல்லாரும் திட்டுறாங்க. நீங்க கையெழுத்துக்கு லேட்டு, நான் கோட்டுக்கு லேட்டு" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இவரால் முழுதாகக் கலந்துகொள்ள முடிந்தது. செய்த தவறு அப்போது அவருக்கே தெரியாது.

எந்திரத்தை வெறுமனே ஓட்டிப் பார்த்த நாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தாது ஏற்றி ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம், ஆலையிலிருந்து ஒரு குறிப்பு வந்தது: நான்காம் தளத்தில் நடுக்கம் அதிகமாக உள்ளது, வந்து பார்க்கவும்.

அவர் போனார். மூன்றாம் தளத்துப் படியில் கால் வைத்ததுமே பாதத்தில் ஏறிவிட்டது அது. நான்காம் தளத்தில் நின்றபோது பல்லோடு பல் அடித்தது. மேசைமேல் வைத்திருந்த தண்ணீர்க் குவளை தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போயிற்று. அங்கே வேலை பார்த்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். கைக்கருவியை வைத்து அளந்தார். எழுநூற்றைம்பது. அந்த எண்ணைப் பார்த்தவுடன் அலமாரியில் இருக்கும் பழைய கணக்கின் கடைசிப் பக்கம் கண்முன் வந்து நின்றது.

மருந்து என்னவென்று அவருக்கு உடனே தெரிந்தது. உத்தரங்களுக்கு அடியில் நடுவாக்கில் இரண்டு தூண் கொடுத்தால் தளம் விறைத்துவிடும், எண் மேலே போய்விடும். பத்து நாள் வேலை. ஆனால் பத்து நாள் ஆலையை நிறுத்தவேண்டும்.

"நிறுத்துறதா?" என்றார் மேலாளர். "இப்பத்தானே ஓட ஆரம்பிச்சிருக்கு! நாலு மாசத்துல பராமரிப்புக்கு எப்படியும் நிறுத்துவாங்க, அப்ப செஞ்சுக்கலாம். உடனே விழுந்துடுமா, சொல்லுங்க?"

"உடனே விழாது."

"அப்புறம் என்ன?"

அது என் தவறு, நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், அதனால் இப்போதே நிறுத்தவேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தார். சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. "ஆள் நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்க" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். நாள்காட்டியில் நான்கு மாதத்தையும் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது மாதம், காலை பதினொரு மணிக்கு, நான்காம் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டிருந்த சிறிய மேடை ஒன்று அறுந்து விழுந்தது. எந்திரத்துக்குக் கிரீஸ் போடுகிறவர் அப்போது அதன்மேல் நின்றுகொண்டிருந்தார். நடமாட்டத்தைக் குறைக்கலாம், கிரீஸ் போடாமல் இருக்க முடியுமா? உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு உடைந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது.

விசாரணைக்குழு, ஆலையைத் தெரிந்தவர் என்று பொறுங்க சாரிடமே அறிக்கை கேட்டது. அவர் விழுந்த இடத்தைப் பார்த்தார். மேடையைப் பிடித்திருந்த இருபத்துநாலு போல்ட்டில் பதினாலு தளர்ந்து கிடந்தன. தளராமல் என்ன செய்யும்? நிமிடத்துக்கு எழுநூற்றைம்பது தடவை, மூன்று மாதம் உலுக்கினால் எந்த முடுக்கும் கழலும். தகட்டில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன, போல்ட்டின் தலைமட்டும் கோட்டைவிட்டு விலகியிருந்தது. அவற்றை முடுக்கியதற்கான பதிவேட்டில் அந்த மேடைக்குரிய தாள் மழையில் நனைந்து எழுத்து அழிந்து போயிருந்தது.

அறிக்கையில் இரண்டையும் எழுதினார். நடுக்கத்தைப் பற்றி ஒரு பத்தியும், போல்ட்டுகளைப் பற்றி ஒரு பத்தியும். மேலாளர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எழுதினது உண்மைதான். ஆனா ஆட்டத்தைப் பத்தி இந்த அறிக்கையில வரணுமா? அதைத் தனிக் குறிப்பா உள்ளுக்குள்ள வச்சுக்கலாம். எப்படியும் தூண் போடப் போறோம். இதுல எழுதினா, யாரு மாத்தினது, யாரு ஒப்புக்கிட்டதுன்னு தோண்டுவாங்க. உங்க பேருதான் வரும்."

அவர் அந்தப் பத்தியை எடுத்துத் தனித் தாளில் எழுதினார். அது மேலாளரின் இழுப்பறைக்குள் போயிற்று. மிச்சமிருந்த அறிக்கை சொன்னது: இணைப்புகளில் பதினாலு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன, முடுக்கியதற்கான பதிவு கிடைக்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த பெரிய அயோக்கியத்தனம்.

ஸ்பானர் மேஸ்திரியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விப்பட்டபோது பொறுங்க சாருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் கூசினார். தூண்கள் போடப்பட்டன. தளம் பாறைபோல நின்றது. பத்தே நாள்.

அதன்பின் பதினோரு வருடம் அவர் வேலை பார்த்தார். முன்னைவிட மூன்று மடங்கு மெதுவாக. எந்தத் தாளையும் கணக்கின் கடைசிப் பக்கம்வரை பார்க்காமல் விடமாட்டார். யாரும் இப்போது கேலி செய்யவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு நிறுவனத்தில் கவனத்துக்கு மரியாதை வந்திருந்தது. "பாருங்க, பொறுங்க சார் மாதிரி இருக்கணும்" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவரைக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவை காட்டும்போதும் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெறும் நாள் மதியம் ஒரு சிறு கூட்டம் வைத்தார்கள். மேலாளர் இப்போது நிறுவனத்தின் இயக்குநர். மாலையைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். "முப்பத்தஞ்சு வருஷத்துல இவர் அவசரப்பட்டு ஒரு கையெழுத்து போட்டதில்ல!" என்றார். கைதட்டல். பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் டிராஃப்ட்ஸ்மேனின் முகம் தெரிந்தது. டிராஃப்ட்ஸ்மேன் கைதட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று இன்னும் ஓங்கித் தட்டினார்கள்.

அன்று மாலை வெளிச்சம் மங்குமுன்பே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவே இல்லை. முடிவில் கேட்டாள்:

"நான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல ஒரு எண்ணை மறைச்சா அதுக்கு என்ன பேரு?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"பதினோரு வருஷமா இதே மேசையில என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. சரி, போகட்டும். இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? என்னையா வேலையை விட்டு எடுத்தாங்க?"

டிராஃப்ட்ஸ்மேனிடம் விசாரித்ததில் மேஸ்திரி இருக்குமிடம் தெரிந்தது. இரண்டு மணி நேர பஸ் பயணம். நெடுஞ்சாலை ஓரத்தில் செடி விற்கும் நர்சரி வைத்திருந்தார். தொட்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து மண் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் கோபம் இல்லை. வெட்கம்போல ஏதோ இருந்தது. அது பொறுங்க சாருக்குப் புரியவில்லை.

"வாங்க சார், உக்காருங்க." ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். எதிர்க்கடையில் கையசைத்து இரண்டு டீ சொன்னார்.

"இரும்பை விட்டுட்டீங்களா?"

"அன்னைக்கோட விட்டாச்சு. செடிக்குப் போல்ட்டு கெடையாது பாருங்க." சிரித்தார். குரல் அடங்கிப்போயிருந்தது.

"அன்னைக்கு நீங்க ஏன் ஒரு வார்த்தை கூடப் பேசல, மேஸ்திரி?"

"என்னத்தைப் பேசுறது? அறிக்கையைப் படிச்சுக் காட்டினாங்க. கீழ யாரு கையெழுத்துன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாங்க. வேற எவன் எழுதியிருந்தாலும் சட்டையைப் பிடிச்சிருப்பேன் சார். நீங்க பாக்காம எழுத மாட்டீங்களே. பொறுங்க சாரே சொல்றாருன்னா, நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன்னு விளங்கிடுச்சு." தேநீரை ஒரு வாய் குடித்தார். "அந்த மேடைக்கு இருபத்துநாலு போல்ட்டு. ஒண்ணொண்ணா நெனச்சுப் பாப்பேன். எதைத் தட்டாம விட்டேன், அன்னைக்கு எனக்குக் காய்ச்சலா, யாராவது கூப்பிட்டாங்களான்னு. ஞாபகம் வரவே இல்ல. ஞாபகமில்லாத கையை எப்படி நம்புறது? நாளைக்கு இன்னொருத்தன் விழுவான். அதான் ஸ்பானரைத் தூக்கிப் போட்டுட்டேன்."

பஸ்ஸில் வரும்போது பொறுங்க சார் பல விதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். மேஸ்திரி திட்டுவார், அடிக்கக்கூட வரலாம், வாங்கிக்கொள்ளவேண்டும் என்று. இது அவர் கணக்கிலேயே இல்லை. தான் கெட்ட பெயரைத்தான் மேஸ்திரியின் தலையில் கட்டியதாக நினைத்திருந்தார். இந்த மனிதர் குற்றத்தையே வாங்கிச் சுமந்திருக்கிறார்.

சொன்னார். கூட்டம், சிரிப்பு, எழுநூற்றைம்பது, அலமாரியில் இருந்த தாள், இழுப்பறைக்குள் போன பத்தி, எல்லாவற்றையும். ஊஞ்சல் கணக்கைச் சொன்னபோது மேஸ்திரி குறுக்கிட்டு, "மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லவைத்தார்.

"அப்போ போல்ட்டு தானா கழண்டதா?"

"ஆமா. கோடு விலகியிருந்துச்சு. நீங்க முடுக்கின எடத்துலேருந்து விலகியிருந்துச்சு. நான் பாத்தேன்."

"நான் முடுக்கினது சரியா?"

"சரி."

"இருபத்துநாலுமா?"

"இருபத்துநாலும்."

மேஸ்திரி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து ஒரு தொட்டிக்குத் தண்ணீர் விட்டார். தொட்டி நிரம்பி வழிந்து மண்ணெல்லாம் கரைந்து ஓடியது. அவர் குழாயை மாற்றவில்லை. முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"நீங்க கெளம்புங்க சார்."

"மேஸ்திரி, நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்குறேன்..."

"எழுதுங்க. எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. இங்க மட்டும் இனிமே வராதீங்க."

எழுதினார். தன் பெயர், தன் கையெழுத்து, எல்லாவற்றையும் வைத்து நான்கு பக்கம். கம்பெனியிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: தங்கள் கடிதம் பெறப்பட்டது, அந்த ஆண்டின் கோப்புகள் தற்போது பாதுகாப்பில் இல்லை. இயக்குநர் ஃபோன் செய்து, "எதுக்கு சார் இப்போ இதெல்லாம்? நிம்மதியா இருங்க" என்றார். மேஸ்திரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி போயிற்று. கையெழுத்திட்ட ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது, வேறெதுவும் வரவில்லை.

கிரீஸ் போட்டவரைத் தேடிப்போய் அவரிடமும் சொன்னார். அவர் பொருள் வைப்பறையில் வேலை பார்த்து, இப்போது வீட்டோடு இருந்தார். கேட்டுவிட்டு வெகு நேரம் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என் கால் இனிமே நீளப் போறதில்ல சார், அதை விடுங்க. ஆனா அந்த மேஸ்திரி இருக்காரே, மாசா மாசம் வந்துடுவாரு. மருந்து வாங்கிட்டு வருவாரு, கொல்லையில செடி வச்சுத் தருவாரு. 'என்னாலதான்'னு சொல்லிக் கையைப் பிடிச்சுக்குவாரு. வேணாம்பா, போதும்பான்னு நானும் பதினோரு வருஷமா சொல்றேன். நீங்க வரவேண்டிய எடத்துக்கு அவரு வந்துக்கிட்டிருந்திருக்காரு."

கொல்லையில் மேஸ்திரி வைத்த எலுமிச்சை காய்த்திருந்தது. கிளம்பும்போது கிரீஸ் போட்டவரின் மனைவி நான்கு பழம் பறித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வாங்காமலிருக்க முடியவில்லை. பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் டிராஃப்ட்ஸ்மேன் ஃபோன் செய்தார். மேஸ்திரியின் ஊரில் யாரோ ஒரு கிடங்குக்கு இரும்புக் கூரை போட்டார்களாம். மேஸ்திரி தாமாகவே போய், நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் வேலை பார்த்தாராம். ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக் கேட்டு, கோடு போட்டு, முழுக் கூரையையும் முடித்துக் கொடுத்துவிட்டு நர்சரிக்கே திரும்பிவிட்டாராம்.

"ஏன், தொடர்ந்து செய்யலாமே?" என்று கேட்டார் பொறுங்க சார்.

"நானும் அதைத்தான் கேட்டேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா?" டிராஃப்ட்ஸ்மேன் சற்றுத் தயங்கினார். "'கையில ஒரு கொறையும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு. ஏணி ஏறத்தான் முன்ன மாதிரி முடியல, வயசு போயிடுச்சு'ன்னாரு."

பொறுங்க சார் ஃபோனை வைத்தார். உள்ளேயிருந்து மனைவி, "யாரு?" என்று கேட்டாள். சொன்னார். அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு அவள் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.